உங்களுக்குத் தெரியுமா? 16 தூண்கள் தாங்கும் சந்தை மண்டபம்

இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயரில், மால்வர்ன் குன்றுகளை ஒட்டி லெட்பரி என்றொரு சிற்றூர் உண்டு. கடைவீதியின் நடுவே, ஒரு மாடிக் கட்டடம் முழுவதும் 16 ஓக் மரத்தூண்கள்மேல் நிற்கிறது! 1617-ல் கட்டத் தொடங்கிய சந்தை மண்டபம் இது. அந்தக் காலத்தில் மேல்மாடிதான் கிடங்கு. தானியமும் கம்பளியும் அங்கே மூட்டை மூட்டையாகச் சேமிக்கப்பட்டன. கீழே தூண்களுக்கு நடுவே வியாபாரம். கட்டி 400 ஆண்டுகள் ஆகியும் அந்த நிழலில் இன்றும் கடை போடுகிறார்கள் என்பதுதான் இதன் பெருமை.

வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்களைச் சாய்வாக, மீன்முள்போல அடுக்கியிருப்பதைக் கிட்டே போய்ப் பாருங்கள். அந்தக் காலத் தச்சர்களின் கைவரிசை புரியும்.

மண்டபத்தின் பின்னால் தேவாலயத்துக்குப் போகும் சந்து, கூழாங்கல் பாவியது. இருபுறமும் பழைய மரச்சட்ட வீடுகள். தேவாலயத்தின் மணிக்கோபுரமோ கட்டடத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது.

இது கவிஞர்களின் ஊரும்கூட. 1930 முதல் 1967 வரை அரசவைக் கவிஞராக இருந்த ஜான் மேஸ்ஃபீல்ட் 1878-ல் பிறந்தது இங்கேதான். எலிசபெத் பாரெட் பிரௌனிங் வளர்ந்ததும் பக்கத்தில்தான். கோடையில் இங்கே கவிதைத் திருவிழாவும் நடக்கும்.

லண்டன் பேடிங்டனிலிருந்து ரயிலிலேயே போகலாம். செவ்வாய் அல்லது சனிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள், அன்றுதான் சந்தை.