எட்டு பரோட்டா... நாலுக்குத்தான் சால்னா!

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் ஆபீஸில் லீவ் லெட்டரும் விழும். மெயின் அருவியில் முதுகைக் கொடுத்துவிட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டாவை ஒரு கை பார்க்காமல் திரும்பிய கோஷ்டி உண்டா? போன சீஸனில் நாங்களும் போனோம். கூட வந்த நண்பனுக்குத் தென்காசி பக்கம் ஊர். 'அப்பாவை ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிருவோம்ல' என்றான்.

கார் நெல் நட்டு மூன்று வாரம். மற்ற வயலெல்லாம் பச்சை. இவர் வயலில் மட்டும் இலையில் துரு பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளி. பயிர் வளராமல் உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு தடவை யூரியா போட்டாச்சு தம்பி. இன்னொரு மூட்டை போட்டா எந்திரிச்சிரும்லா?" என்று பெரியவர் எங்களிடமே கேட்டார். ஃபைல் புரட்டுகிற நாங்கள் பேந்தப் பேந்த விழித்தோம்!

மறுநாள் வேளாண்மை விரிவாக்க மையத்தில் ஒரு பயிரைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டினார். 'யூரியாவை நிறுத்துங்க. இது துத்தநாகப் பற்றாக்குறை' என்றார்கள்.

பயிருக்குத் தேவையான சத்துக்கள் மொத்தம் 17. மூன்று, காற்றும் தண்ணீரும் கொடுப்பவை. மீதி 14 மண்ணிலிருந்து வரவேண்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் நிறைய வேண்டும். துத்தநாகம், போரான், இரும்பு போன்றவை துளியூண்டு போதும். ஆனால் அந்தத் துளி இல்லாவிட்டால் போச்சு!

எப்படி? இலையில் எட்டு பரோட்டா. சால்னா நாலுக்குத்தான் வரும். எத்தனை உள்ளே போகும்? நாலு. இன்னும் பத்து பரோட்டா கொண்டுவந்து அடுக்கினாலும் அதே நாலுதான்! எந்தச் சத்து குறைவோ, அதுதான் விளைச்சலுக்கு எல்லை. 19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் ஸ்பிரெங்கலும் லீபிக்கும் சொல்லிவிட்டுப் போன விதி இது. பாவம், அவர்களுக்கு சால்னா தெரியாது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. வட இந்தியாவில் பந்த்நகர் பகுதியில் நெல் பழுப்படித்து வீணாகிக்கொண்டிருந்தது. 'கைரா' நோய் என்றார்கள். கிருமி எதுவுமில்லை, துத்தநாகம்தான் குறை என்று 1966-ல் கண்டுபிடித்துச் சொன்னவர் நேனே என்ற விஞ்ஞானி. தண்ணீர் தேங்கி நிற்கும் வயலில், மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேருக்கு எளிதில் கிடைக்காது.

சரி, எல்லோரும் ஏன் யூரியாவையே கட்டிக்கொண்டு அழுகிறோம்? விலை! 1992 ஆகஸ்டில் மணி, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். யூரியாவுக்கு மட்டும் எடுக்கவில்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. போட்டால் நாலு நாளில் கரும்பச்சை. மனசுக்கும் குளிர்ச்சி. ஆனால் அளவு மீறினால் இலை கொழுத்துப் பூச்சியும் குலைநோயும் விருந்துக்கு வரும், கதிர் முற்றும்போது பயிர் சாயும். ஒரே தடவையில் கொட்டினால், அடிக்கிற மழையில் பாதிச் சத்து தண்ணீரோடு போய்விடும். அதனால்தான் பிரித்துப் பிரித்துப் போடச் சொல்கிறார்கள்.

நிற்கும் பயிருக்கு லிட்டருக்கு 5 கிராம் சிங்க் சல்பேட்டும் 10 கிராம் யூரியாவும் கரைத்துத் தெளிக்கச் சொன்னார்கள். அடுத்த போகத்துக்கு, நடவுக்கு முன்பே ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவ வேண்டும். டி.ஏ.பி.யோடு மட்டும் கலக்கக் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும்!

எல்லாவற்றுக்கும் முதல் வேலை மண் பரிசோதனை. அறுவடை முடிந்ததும் வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' மாதிரி அரையடி ஆழம் வெட்டி, இரு பக்கமும் சுரண்டி, கலந்து, அரைக் கிலோ எடுத்தால் போதும். வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம் வேண்டாம்.

இது அப்பாக்களின் வேலை என்று நினைக்காதீர்கள். ஊருக்குப் போகிற நாம்தான் செய்ய வேண்டும். நண்பன் செய்தான். மஞ்சள் பையோடு பஸ் ஏறியவனைப் பார்த்து கண்டக்டர் கேட்டாராம், "என்னடே, அல்வாவா?"

"மண்ணு அண்ணாச்சி!"

"நல்லாப் போச்சு! அதையாடே மடியில வச்சிருக்க?"

சிரித்துவிட்டானாம். மூன்று மூட்டை யூரியாவின் விலை அந்த மடியில் இருந்தது அவனுக்குத்தானே தெரியும்!