பாலாற்றின் காவலுக்கு நம் பிள்ளைகள் வர வேண்டாமா?

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானதும் நம் வீடுகளில் எழும் பேச்சு என்ன? மருத்துவமா, பொறியியலா, அயல்நாட்டு வேலையா என்பதுதானே! ஆற்றையும் காற்றையும் சட்டத்தின் துணைகொண்டு காக்கும் பணி ஒன்று உண்டென்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அப்பணியின் அருமையை உணர நீங்கள் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த தோல் தொழில் அங்கே பல்லாயிரம் அடுப்புகளை எரிய வைத்தது. அத்தொழிலின் கழிவுநீரே பாலாற்றையும் பாழ்படுத்தியது. கிணறுகள் உவர்த்தன. ஒளூச் செய்யவும் உலை வைக்கவும் உதவிய நீர் வாயில் வைக்க முடியாததாயிற்று.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாததாகிவிட்டது என்ற ஆய்வு முடிவு நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 28-8-1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தரும் தொழிலாயினும், இயற்கையை அழிக்க அதற்கு உரிமையில்லை என்பது அதன் சாரம். மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கை இந்திய மண்ணில் வேரூன்றியதில் இத்தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு.

பின்னர் 2001இல் 29,000க்கும் மேற்பட்டோருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு நிர்ணயிக்கப்பட்டது. வகுத்துப் பாருங்கள், ஒருவருக்குச் சராசரி பத்தாயிரம் ரூபாய் கூடத் தேறாது! நிலமும் நீரும் போன பின் வந்த தொகை அது. துயரம் அத்துடன் முடியவுமில்லை. 30-1-2025 அன்று பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க நேர்ந்தது.

நல்ல தீர்ப்பு இருந்தும் ஆறு ஏன் தேறவில்லை? தீர்ப்பை எழுதுவது நீதிமன்றம். அதை அன்றாடம் நடைமுறைப்படுத்த நேர்மையும் அறிவும் உடைய அலுவலர்கள் வேண்டும்.

அலுவலரின் பொறுப்பு

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, ஓர் ஆலையை நிறுவவும் இயக்கவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். கழிவுநீரைச் சோதிக்க வரும் அலுவலர் முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆலைப் பொறுப்பாளரின் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட வேண்டும். இம்முறை தவறினால் ஆய்வறிக்கை நீதிமன்றத்தில் சான்றாக நில்லாது. அவசரத்தில் விட்டுப்போன ஒரு கையொப்பம் ஓர் ஊரின் வழக்கையே வீழ்த்திவிடலாம்! ஆலையை மூடவும், மின்சாரத்தைத் துண்டிக்கவும் ஆணையிடும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. எனவே மிரட்டலும் வரும். ஆசை காட்டுதலும் வரும். இது ஓர் அமானிதம் என்ற அச்சம் உள்ளவரே இங்கு நிலைக்க முடியும்.

எதைப் படிப்பது?

சிவில், கெமிக்கல், சுற்றுச்சூழல் பொறியியல் பயின்றோர்க்கு வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி உண்டு. வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல் முதலியவற்றில் முதுகலைப் பட்டம் பெற்றோர் ஆய்வுக்கூடப் பணிகளை நாடலாம். நம் பெண்மக்களும் இத்துறையில் சிறந்து விளங்க முடியும். சட்டம் பயின்றோர்க்கு, 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே உள்ளது.

கொள்கை வகுப்போரின் பணியும் சிறிதன்று. பச்சைத்தோல் அழுகாதிருக்க இடும் உப்பே கழிவுநீரில் பெருஞ்சிக்கல். நீரைச் சுத்திகரித்தாலும் உப்பும் கசடும் எஞ்சும். அவற்றை எங்கே வைப்பது? 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறக்கத்தில் இருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். உப்பைக் குறைக்கும் பதனிடு முறையைக் கண்டறிவதும், அதைச் சிறு தொழிற்கூடங்களும் மேற்கொள்ள வழி காண்பதும் இத்துறையினர் முன்னுள்ள கடமைகள்.

“நம் தொழிலுக்கு நம் பிள்ளையே பூட்டுப் போடுவதா?” என்று சிலர் கேட்கலாம். சிந்தியுங்கள்! குறையைத் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டித் திருத்தும் அலுவலர் இருந்திருந்தால், பூட்டுப் போடும் நிலையே பல ஆலைகளுக்கு வந்திராது. தோலை அறிந்த குடும்பத்தில் பிறந்த பிள்ளை, முதலாளியின் கணக்கையும் அறிவான். தொழிலாளியின் கூலியையும் அறிவான். கிணறு உவர்த்துப்போன விவசாயியின் கண்ணீரையும் அறிவான்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் மேற்படிப்புப் பேச்சு எழும்போது, இத்துறையையும் பட்டியலில் சேருங்கள். நம் முன்னோர் நமக்குத் தொழிலைத் தந்தார்கள். நாம் நம் பேரப்பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீரையும் தந்து செல்ல வேண்டாமா?