லயமும் மனையும்
கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளின் நேற்றும் நாளையும்

தோட்டப்புறத் தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொற்களுள் 'லயம்' என்பது ஒன்று. இசை அறிந்தோர்க்கு லயம் என்றவுடன் தாளத்தின் ஒழுங்கு நினைவுக்கு வரும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர்க்கோ, ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட அறைகளும், அவற்றின் முன்னே ஓடும் 'அஞ்சடி' என்னும் நடையுமே நினைவுக்கு வரும். வரிசை என்று பொருள்படும் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் 'லயன்' எனத் திரிந்து, பின்னர் 'லயம்' எனத் தமிழ் உருப் பெற்றது. படைவீரர் தங்கும் வரிசைக் கொட்டடிகளை ஆங்கிலேயர் இப்பெயரால் வழங்கினர். அதே பெயர் தோட்டத் தொழிலாளரின் இருப்பிடத்துக்கும் வந்து சேர்ந்தது.

உறைவிடத்தைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்கள் பல உண்டு. அவற்றுள் 'மனை' என்பது நிலைபெறுதல் எனப் பொருள்படும் 'மன்னுதல்' என்பதன் அடியாகப் பிறந்தது என்பர். மனை என்பது கட்டடத்தை மட்டும் குறிப்பதன்று. கட்டடம் நிற்கும் நிலத்தையும், அங்கு நடைபெறும் இல்வாழ்க்கையையும் சேர்த்தே குறிக்கும். லயம் என்ற சொல்லில் இவ்விரண்டிற்கும் இடமில்லை. வேலைக்கு அருகே ஆட்களைத் தங்கவைக்கும் வரிசை என்பதே அதன் பொருள். இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவுதான் தோட்டக் குடியிருப்புச் சீரமைப்பின் மையப் பிரச்சினை எனலாம்.

மலையில் ஊர் பிறந்த கதை

பகாங் மாநிலத்தின் மேற்கு எல்லையில் உள்ள கேமரன் மலை, 1885-ஆம் ஆண்டில் அப்பகுதியை அளந்து படம் வரைந்த வில்லியம் கேமரன் என்பவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஒருவர் அவருக்குத் துணையாக அமைந்தார். தாப்பாவிலிருந்து மலைக்கு ஏறும் சாலை 1930-களின் தொடக்கத்தில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சரிவுகள் தேயிலைப் பசுமை கொண்டன.

காடு அழித்த இடத்தில் ஊர் இல்லை. ஊர் இல்லாத இடத்தில் வாடகைக்கு வீடும் இல்லை. ஆதலின் தொழிலாளருக்கு உறைவிடம் அமைக்கும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தது. இதனால் விளைந்த நன்மை, வேலைக்கு வந்த அன்றே தலைக்குமேல் ஒரு கூரை கிடைத்தது. விளைந்த தீமை, வேலையும் வீடும் ஒரே கயிற்றின் இரு முனைகளாயின. வேலை போனால் வீடும் போகும். முதுமையால் உடல் தளர்ந்தாலும் போகும். மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிந்தாலன்றிக் குடும்பம் அவ்வீட்டில் நீடிக்க இயலாது.

சட்டம் சொன்னது என்ன?

தோட்டக் குடியிருப்பைப் பற்றிச் சட்டம் பாராமுகமாக இருந்தது என்று சொல்ல இயலாது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912-இலும் 1923-இலும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இயற்றப்பட்டன. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்கவேண்டும் என்ற விதி 1923-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றது. இன்று தமிழ்ப்பள்ளிகள் எனப் பெருமையுடன் அழைக்கப்படும் பலவற்றின் வேர் அந்த விதியில் இருக்கிறது.

நாடு விடுதலை பெற்றபின் 1966-இல் தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் சட்டம் வந்தது. 1990-இல் அது விரிவான புதிய சட்டமாயிற்று. இச்சட்டத்தின் நோக்க வாசகம் ஊன்றிப் பார்க்கத்தக்கது. வீட்டின் தரத்தோடு அது நின்றுவிடவில்லை. குழந்தைக் காப்பகம், பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் நிலம், சுகாதாரம், மருத்துவம், சமூக வசதிகள் ஆகிய அனைத்தையும் ஒருங்கே குறிப்பிடுகிறது. வீடு மட்டும் இருந்தால் குடியிருப்பு ஆகாது, அதைச் சூழ்ந்த வாழ்வும் வேண்டும் என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர் என்பது தெளிவு. 2019-இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் உரியதாக இருந்த தரங்கள், அதன்பின் தொழிலாளருக்குத் தங்குமிடம் தரும் பிற துறைகளுக்கும் விரிந்தன.

ஆயினும் இச்சட்டங்கள் யாவும் வேலை செய்பவர் வேலை செய்யும் வரையில் எவ்வாறு தங்கவேண்டும் என்பதையே சொல்கின்றன. வேலை முடிந்தபின் அவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை. மலேசியத் தனியார் துறையில் 2013 முதல் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என வகுக்கப்பட்டுள்ளது. அறுபது வயதில் கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கும் பெண்ணுக்கு, 1951-இல் தோன்றிய ஊழியர் சேமநிதி ஒரு தொகையைத் தரும். குறைந்த கூலியிலிருந்து பிடிக்கப்பட்ட சேமிப்பு, மலையில் ஒரு மனை வாங்கப் போதுமானதாக இருப்பது அரிது.

லயத்தைச் சூழ்ந்த உலகம்

தோட்டக் குடியிருப்பைச் சீரமைக்க எண்ணுவோர் முதலில் அறியவேண்டுவது, லயம் தனித்து நின்றதில்லை என்பதே. விடியுமுன் ஆட்களின் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களம், தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை, மாரியம்மனோ முருகனோ குடிகொண்ட கோவில், பள்ளி, மருந்தகம், கடன் எழுதும் மளிகைக் கடை, பந்தாடும் திடல் ஆகிய யாவும் சேர்ந்ததே தோட்டம். இவற்றுள் ஒன்று தளர்ந்தால் மற்றவையும் தளரும். இளையோர் கூலி குறைவு கருதி நகரங்களுக்குச் சென்றனர். அவர்கள் விட்ட இடத்தில் பிற நாட்டுத் தொழிலாளர் வந்து வேலை செய்கின்றனர். தனி ஆட்களாக வருவோர்க்குப் பள்ளி தேவையில்லை, ஆயாக் கொட்டகையும் தேவையில்லை. லயத்தில் குடும்பங்கள் குறைந்தால் பள்ளியின் பெயர்ப் பட்டியல் மெலிகிறது. பட்டியல் மெலிந்தால், பிள்ளைகளின் படிப்பைக் கருதி எஞ்சிய குடும்பங்களும் மலையிறங்குகின்றன. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தோட்டங்களின் பெயரால் இயங்கும் தமிழ்ப்பள்ளிகளின் வருங்காலம், அடுத்துள்ள குடியிருப்புகளின் வருங்காலத்தோடு பிணைந்திருப்பது இவ்வாறுதான்.

இன்னொரு தடையும் உண்டு. தோட்டம் தனியார் நிலம். அதனுள் ஓடும் சாலை, கால்வாய், விளக்கு ஆகியவை பொது மன்றங்களின் வழக்கமான பணிக்குள் அடங்குவதில்லை. கம்பத்துக்கும் நகருக்கும் அரசாங்கம் செய்யும் வசதிகள் தோட்ட வாயிலோடு நின்றுவிட்ட காலம் நெடியது.

இடித்துக் கட்டுவதா, திருத்திக் காப்பதா?

பழைய குடியிருப்பைக் கண்டவுடன் இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பவேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் எழும். இதற்கு உலகம் கண்ட படிப்பினைகள் உள்ளன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களில் பதினொரு மாடி கொண்ட 33 கட்டடங்கள் ஏழைகளுக்காக எழுப்பப்பட்டன. புரூயிட்-ஐகோ என்பது அதன் பெயர். பராமரிப்புக்கு நிதியில்லை, நகரின் மக்கட்தொகையும் வேலை வாய்ப்பும் குன்றின. குடியிருந்தோர் வெளியேற, 1972-இல் தொடங்கி அக்கட்டடங்கள் தகர்க்கப்பட்டன. கட்டடம் புதியதாக இருந்தும், அதைத் தாங்கும் வாழ்வு இல்லாமையால் இருபது ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை.

இதற்கு மாறான வழியைத் தமிழ்நாட்டிலேயே ஓர் அறிஞர் காட்டினார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாட்ரிக் கெடிஸ் 1914-இல் இந்தியாவுக்கு வந்து, சென்னை மாகாணத்து நகரங்களை நடந்தே பார்த்து ஆராய்ந்தார். தஞ்சை, மதுரை முதலிய ஊர்களைப் பற்றி அவர் அறிக்கைகள் தந்தார். நெரிசலான தெருக்களை அடியோடு இடித்து நேர்ச் சாலை போடும் பொறியாளர் முறையை அவர் மறுத்தார். நல்ல மருத்துவன் பழுதுபட்ட பகுதியை மட்டும் அறுத்து உடலைக் காப்பது போல, வாழத் தகாத சில வீடுகளை மட்டும் நீக்கி, காற்றும் வெளிச்சமும் புகச் செய்து, கோவிலையும் குளத்தையும் மரத்தையும் காத்து, மக்களை அவர்தம் இடத்திலேயே இருத்தவேண்டும் என்றார். இதில் செலவு குறைவு. அண்டை அயலார் உறவும் சிதையாது. தோட்ட லயங்களுக்கு இம்முறை மிகவும் பொருந்தும். பழுதான கூரையையும் மரச்சுவரையும் மாற்றுதல், இரண்டு அறைகளை இணைத்து ஒரு குடும்பத்துக்குத் தருதல், வீட்டோடு சமையற்கட்டும் கழிவிடமும் சேர்த்தல், அஞ்சடியையும் கோவில் திடலையும் பொதுவிடமாகக் காத்தல் ஆகியவை பெருஞ்செலவின்றி ஆகக்கூடியவை.

ஆனால் மலையில் ஓர் எச்சரிக்கை வேண்டும். கேமரன் மலையில் மழை மிகுதி. சரிவுகளில் காடு அழிந்த இடத்தில் மண் இளகும். 2013 அக்டோபரில் ரிங்லெட் அருகேயுள்ள அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் நேர்ந்தது. ஆகவே எந்த லயம் இருந்த இடத்தில் இருக்கலாம், எது பெயர்க்கப்படவேண்டும் என்பதை மண்ணும் நீரும் அறிந்தோர் முதலில் தீர்மானித்தல் வேண்டும். திருத்திக் காத்தல் என்பது ஆபத்தான இடத்தில் மக்களை வைத்துக் காப்பதன்று.

இலங்கை மலையகம் காட்டும் பாதை

இதே வரலாற்றை நீண்ட காலம் சுமந்தவர்கள் இலங்கை மலையகத் தமிழர். அங்கு 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியதற்கு முன்பே, காப்பிக் காலத்தில், லயங்கள் எழுந்துவிட்டன. நூறாண்டு கடந்த லயங்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அத்துயரம் லயத்துக்கு மாற்று வேண்டும் என்ற குரலை வலுவாக்கியது. குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச்சஸ் நிலமும் அதில் தனி வீடும் என்ற கொள்கை அதன்பின் முன்னே வந்தது. இந்திய அரசின் உதவியால் மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் நடைபெற்றது. 2017 மே மாதத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. 2018-இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் உள்ளாட்சி மன்றங்கள் பணி செய்ய வழி பிறந்தது.

இவற்றுள் எண்ணிக்கையினும் முக்கியமானவை இரண்டு. ஒன்று, வீட்டோடு நிலமும் சேர்த்துப் பேசப்பட்டது. மற்றொன்று, தோட்ட வாயிலுக்குள் பொது மன்றம் நுழைய இடம் தரப்பட்டது. பணிகள் மெல்ல நடக்கின்றன என்ற குறை அங்கு உண்டு. எனினும் திசை சரியானது.

மலேசியத் தமிழருக்கு நிலவுரிமை புதிய கருத்தன்று. 1950-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வேலையும் வீடும் ஒருசேர இழந்தபோது, 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளரிடமிருந்து சிறுகச் சிறுகப் பங்குத்தொகை சேர்த்து, அச்சங்கம் தோட்டங்களையே வாங்கியது. வீட்டுக்கு அடியிலுள்ள நிலம் பிறருடையதாக இருக்கும்வரை வீட்டுக்கு உறுதியில்லை என்ற பாடத்தை அன்றைய தொழிலாளர் பட்டறிந்தனர்.

எது செய்யத்தக்கது?

மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆகவே கேமரன் மலையில் தொழிலாளருக்கு மனை வேண்டுமாயின், தோட்ட நிர்வாகமும் பகாங் மாநில அரசும் கூட்டரசும் ஒருங்கு அமரவேண்டும். நிர்வாகம் இருக்கும் லயங்களைத் திருத்தலாம். மாநிலம் பள்ளிக்கும் சாலைக்கும் அருகே பாதுகாப்பான நிலம் ஒதுக்கலாம். கூட்டரசு ஓய்வு பெறுவோர்க்கு எளிய தவணையில் வீடு கிடைக்க உதவலாம். தோட்டத்துக்கும் இதில் இலாபம் உண்டு. வீடு நிலைத்த குடும்பத்தில் பிறந்த இளைஞன், வேலை வேறிடத்தில் தேடினாலும் மலையை முற்றும் துறப்பதில்லை. பள்ளியில் பிள்ளைகள் இருப்பர். திருவிழாவுக்குத் தேர் இழுக்கக் கைகள் இருக்கும்.

சுவருக்கு வண்ணம் பூசுவதும் கூரைத் தகடு மாற்றுவதும் நல்ல தொடக்கமே. ஆனால் குடியிருப்பு உயிர் பெற்றதா என்பதை அறியச் சில கேள்விகள் போதும்: அறுபது வயதில் வேலை விட்ட தாய் அடுத்த மாதமும் அதே அடுப்பில் உலை வைக்கிறாளா? அவள் பேரன் நடந்து செல்லும் தொலைவில் பள்ளி திறந்திருக்கிறதா? இவற்றுக்கு 'ஆம்' என்ற விடை கிடைக்கும் நாளில், லயம் என்ற பழைய பெயரை மக்கள் தாமாகவே மறந்து, மனை என்று சொல்லத் தொடங்குவர்.