எஞ்சினுக்கும் உண்டு ஜாதகம்!

உங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தின் விளிம்பைப் பாருங்கள். பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். பந்தி முடிந்து பாத்திரங்கள் கலந்துவிட்டாலும், நம்முடையது எது என்று அந்த எழுத்துச் சொல்லிவிடும் அல்லவா? அமெரிக்காவில் பழைய 'மஸில் கார்'களைப் புதுப்பிப்பவர்களும் இந்த வித்தையைத்தான் நம்பியிருக்கிறார்கள்!

1969-ஆம் ஆண்டுச் செவர்லே கமாரோவில் 'இசட் 28' என்ற ரகத்துக்குத் தனி மவுசு. ஆனால் காரின் எண்ணைப் பார்த்தால் எட்டு சிலிண்டர் வண்டி என்பது மட்டுமே தெரியும். இசட் 28 என்று இராது. சாதாரணக் கமாரோவுக்கு வேஷம் கட்டி விற்பவர்களுக்கு இது போதாதா?

எஞ்சினைக் கேளுங்கள், உண்மை வரும். அதன் முன்பக்கத்தில் 'வி 0115 டி இசட்' என்று பொறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 'வி' என்றால் ஃபிளின்ட் நகரத்துத் தொழிற்சாலை. 0115 என்பது ஜனவரி 15. 'டி இசட்' என்பது இசட் 28-இன் முத்திரை. காரின் எண்ணிலுள்ள கடைசி இலக்கங்களும் எஞ்சினில் இருக்கும். அவை ஒத்துப்போனால், கூடப் பிறந்த எஞ்சின்தான்!

வார்த்த பாகங்களிலும் தேதி உண்டு. 'ஏ 8 9' என்றால் 1969 ஜனவரி 8. கார் தயாரான பிறகு வார்த்த பாகம் அசலாக இருக்க முடியுமா? பிள்ளைக்குப் பிறகு தாயார் பிறந்த கதைதான்!

பழைய எண்ணை அராவிவிட்டுப் புதிதாகப் பொறிப்பவர்களும் உண்டு. தொழிற்சாலை இயந்திரம் விட்டுச் சென்ற மெல்லிய கோடுகள் அங்கே இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் ஒன்று. அழுக்குப் போகட்டும் என்று அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும்; சாட்சி போய்விடும். அசல் காரையே போலியாக்கிய பழி உங்களைச் சேரும்!