குறையும் முறையும்

வாணிகத்தில் குறை கூறும் வாடிக்கைக்காரரைக் கண்டு அஞ்சுவோர் பலர். உண்மையில் அஞ்சத்தக்கவர் வேறொருவர். பொருள் சரியில்லை என்று மனத்துள் எண்ணி, வாய் திறவாமல் அடுத்த கடையை நாடுபவரே அவர். குறை கூறுபவரோ நம்மிடம் இன்னும் நம்பிக்கை இழக்காதவர். அவர் சொல்லை எவ்வாறு கேட்பது, கேட்டபின் தொழிலிடத்தில் எதனை மாற்றுவது என்பவற்றை ஆராய்வோம்.

பெங்களூர் விவேக் நகரை எடுத்துக்கொள்வோம். தமிழர் பலர் வாழும் பகுதி அது. வியாழக்கிழமைதோறும் அங்குள்ள குழந்தை இயேசு ஆலயத்துக்குப் பெருங்கூட்டம் வருகிறது. கடைகளுக்கு வருவோர் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு எனப் பல மொழியினர். அங்கே தையற்கடை நடத்தும் ஒரு தமிழரிடம் கன்னட அம்மையார் ஒருவர், சொன்ன நாளில் துணி கிடைக்கவில்லை என்று முறையிடுவதாகக் கொள்வோம். கடைக்காரர் முதலில் இடைமறியாது கேட்க வேண்டும். பின்னர், கேட்டதை அவர் மொழியிலேயே திருப்பிச் சொல்லி, தாம் புரிந்துகொண்டது சரிதானா என்று வினவ வேண்டும். அயல் மாநிலத்தில் தொழில் புரிவோர்க்கு அவ்வூர் மொழியறிவும் ஒரு தொழிற்கருவியே. இறுதியாக, அக்குறையைத் தேதியிட்டு ஏட்டில் எழுதி, அது தீரும் நாளையும் கூற வேண்டும்.

பெரும்பாலோர் இதன்பின் தையற்காரரைக் கடிந்துகொள்வதோடு நின்றுவிடுவர். மறுவாரம் அதே குறை திரும்பி வரும். ஜப்பானிய டொயோட்டா நிறுவனத்தின் தாயீச்சி ஓனோ என்னும் பொறியாளர், ஒரு குறையைக் கண்டால் "ஏன்?" என்று ஐந்து முறை வினவும்படி கற்பித்தார். துணி ஏன் தாமதம்? வெட்டுதல் தாமதமாயிற்று. அது ஏன்? அளவுச் சீட்டு கிடைக்கவில்லை. அது ஏன்? துணியுடன் சேர்த்துக் கட்டவில்லை. ஏன் கட்டவில்லை? அளவெடுப்பவரே பணமும் வாங்குவதால், வியாழன் மாலையில் அவருக்கு நேரமில்லை. அவரே ஏன் இரண்டையும் செய்கிறார்? வேலைப் பங்கீடு கூட்டமில்லாத நாட்களுக்கு ஏற்றவாறு அமைந்தது. ஆகவே, மாற வேண்டியது அப்பங்கீடு. தையற்காரர் மீது பிழையில்லை.

குறைகளில் மிகப் பெரும்பகுதி தொழில்முறையிலிருந்தே பிறக்கின்றன. அதைத் திருத்தும் பொறுப்பு நிருவாகத்தினுடையது என்பது அமெரிக்க அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங்கின் கொள்கை. 1950இல் அவர் ஜப்பானில் விரிவுரை ஆற்றினார். மறு ஆண்டே அவர் பெயரால் அங்கு ஒரு பரிசு ஏற்பட்டது. இந்தியாவில் அதனை முதலில் பெற்றது, சென்னை பாடியில் அப்போது இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, ஆண்டு 1998. விவேக் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூரில் ஆலை நடத்தும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002இல் அதனைப் பெற்றது. தொழிலாளர் சிறு குழுக்களாகக் கூடித் தம் பகுதியின் குறைகளைத் தாமே ஆராய்ந்து யோசனை கூறுவது இம்முறையின் உயிர்நாடி.

சிறு கடைக்கும் இது பொருந்தும். மாற்றம் என்றதும் பணியாளர் மனத்தில் எழும் முதல் ஐயம் கூலியைப் பற்றியது. உருப்படிக் கணக்கில் கூலி பெறுபவர்க்கு, புது முறையைப் பழகும் நாட்கள் இழப்பாகும். அவ்விழப்பை ஈடுசெய்வதாக முதலில் உறுதி கூறுங்கள். ஒரு வாரம் நடத்திப் பார்த்து, அவர்கள் கருத்தைக் கேட்டபின் நிலைநிறுத்துங்கள்.

சட்டத்தையும் மறத்தல் கூடாது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பற்றுச்சீட்டு தர மறுப்பது முறையற்ற வாணிகம். குறையுள்ள பொருளைச் சீட்டில் கண்ட காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அத்தகையதே.

மாதம் ஒருமுறை குறையேட்டைப் பணியாளருடன் அமர்ந்து படியுங்கள். ஒரே குறை இருமுறை எழுதப்பட்டிருப்பின், திருத்த வேண்டிய இடம் அதுவே.