ஜீப்பை உசத்தியாச்சு... பிரேக்குக்குச் சொல்லியாச்சா?

காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைக் கவனிச்சிருக்கீங்களா? தெருவைவிட நல்ல உயரத்தில் திண்ணை. ஆனால், வீட்டை உசத்திக் கட்டினவர்கள் படியையும் சேர்த்தே கட்டினார்கள். இல்லையென்றால், விருந்துக்கு வரும் மாப்பிள்ளை ஏணி போட்டு அல்லவா ஏறணும்!

ஜீப்பை உசத்துகிற நம் இளவட்டங்கள் மறப்பது இந்தப் 'படி'யைத்தான்.

2010-ல் மஹிந்திரா தார் வந்தது. 2020-ல் புதுத் தார் வந்தது. கூடவே இந்த ஆசையும் ஊர் ஊராக வந்துவிட்டது. சனிக்கிழமை ஒர்க் ஷாப்பில் விட்டு, ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்து, நீளமான ஷாக் அப்சார்பர் மாட்டி, ரெண்டு அங்குலம் தூக்கி, திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில் நிறுத்தினால்... அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனே ஜன்னலுக்கு வந்துவிடும்!

சரி, அடியில் என்ன நடக்கிறது?

சேஸிஸோடு ஓடும் பிரேக் குழாய் இரும்பு, அசையாது. சக்கரமோ மேலும் கீழும் ஆடும். ரெண்டுக்கும் நடுவில் பாலமாக இருப்பது ஒரு ரப்பர் ஹோஸ். சக்கரம் எவ்வளவு தொங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கம்பெனி அதன் நீளத்தை வைத்திருக்கிறது. நீங்கள் சக்கரத்தை இன்னும் கீழே தொங்கவிட்டீர்கள். ஹோஸ் அதே நீளம்தான்!

சமதரையில் பார்த்தால் சமர்த்தாகத் தொங்கும். மலைப் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதுதான் வேட்டி காயும் கொடி மாதிரி விறைக்கும். நாலு தடவை தாங்கும். ஐந்தாவது தடவை, இறக்கத்தில், மிதித்த பெடல் தரையைத் தொட்டால்? பிரேக்கில் ரெண்டு சர்க்யூட் உண்டு, பாதி மிஞ்சும் என்பது உண்மைதான். பாதி பிரேக்கோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இறங்க நீங்கள் தயாரா சார்?

ஆகவே சோதனை இப்படி: சேஸிஸைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து (வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது), சக்கரங்களை முழுசாகத் தொங்கவிடுங்கள். ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி திருப்புங்கள். அப்போதும் ஹோஸ் தளர்வாக இருக்கணும். சக்கரம் மேலே ஏறும்போது டயரில் உரசவும் கூடாது.

இழுக்கிறதா? அந்த வண்டிக்கென்றே செய்த நீள ஹோஸ் மாட்டலாம். அல்லது ஹோஸைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டைக் கீழே இறக்கலாம். துண்டு போட்டு ஒட்டு மட்டும் வேண்டாம். செம்பு வாஷர் புதுசு போட்டு, நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்கச் சொல்லுங்கள்.

சில வண்டிகளில் பின் பிரேக்குக்கு ஒரு வால்வு உண்டு. பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்த்துப் பாரத்தை எடைபோடும். வண்டியை உசத்தினால், 'ஆளே ஏறலை போல' என்று நினைத்து, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அந்தக் கம்பியையும் சரிபண்ணணும்.

அடுத்தது ஒயர். ஏபிஎஸ் சென்சார் ஒயரும் சக்கரத்தோடு சேர்ந்துதான் இழுபடும். அறுந்தால் மஞ்சள் விளக்கு எரியும். மழையில் அவசரமாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். வெட்டி, முறுக்கி, டேப் சுற்றுவது வேலைக்காகாது. உள்ளே தண்ணீர் போனால் செம்பு பச்சை பூத்துவிடும். உலோக அரிப்பையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் 1953 முதல் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் டேப்பை நம்பலாமா? அதே கனெக்டர் உள்ள நீட்டிப்பு ஒயர் வாங்கி, தளர்வாக விட்டு, கிளிப் போடுங்கள். ஹெட்லைட்டையும் தாழ்த்துங்கள், எதிரே வருகிறவர் கண் கூசும்.

கடைசியாக, சட்டம். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. அதே வருஷத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ரெண்டுமே! முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

பி.காம். மூளை கேட்கும் கேள்வி இதுதான்: ஸ்பிரிங்குக்கு ஆயிரக்கணக்கில் எழுதுகிற செலவுக் கணக்கில், ஹோஸுக்கு ஒரு வரி எழுத ஏன் கை வரமாட்டேன் என்கிறது? வண்டி உசந்ததை ஊரே பார்க்கும். அது நிற்பதைப் பார்க்க வீட்டில் ஒருத்தர் வாசலில் காத்திருப்பார்.