ஆதரவிழந்த கணினியும் அழியாத சொற்களும்

புத்தளம் கடனீரேரிக்கும் இந்துமா கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்தில் மாம்புரி என்பது ஒரு சிற்றூர். மேற்கே அலை ஓயாத கடல்; கிழக்கே அலையடங்கிய ஏரி. 2010ஆம் ஆண்டில் சுழலத் தொடங்கிய காற்றாலைகள் இவ்வூரின் பெயரை மின்சாரத் துறையினர் நாவிலும் ஏற்றிவிட்டன. ஆயினும் தமிழ்ப் பண்டிதனாகிய என்னை இவ்வூரிலே கட்டி வைத்தவை காற்றாலைகள் அல்ல. காற்றுக்கு இங்குள்ள மீனவர் இட்டு வழங்கும் பெயர்கள். வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று திசைக்கொரு பெயர் சொல்லி, அதனதன் குணமும் கூறி, எந்தக் காற்றில் வலை விரிக்கலாம், எதில் கரையிலிருத்தல் நலம் என்று விளக்குவார் முதிய மீனவர் ஒருவர். வாடி, மடி, தண்டல், சம்மாட்டி என ஒவ்வொரு சொல்லையும் அவர் கூறக் கூற, நான் மாலைதோறும் மடிக்கணினியில் பதிந்து வந்தேன். ஏறக்குறைய இரண்டாயிரம் சொற்கள் சேர்ந்தன. 2019ஆம் ஆண்டில் அப்பெரியவர் காலமானார். அதன்பின் அச்சொற்களுக்கு உறைவிடம் என் பழைய மடிக்கணினி ஒன்றே ஆயிற்று.

அக்கணினிக்கு நேர்ந்த நோயையும், அது தீர்ந்த வகையையும், அதனால் தமிழாசிரியனாகிய நான் கற்ற பாடத்தையும் அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோய்

கணினியை இயக்குவிக்கும் அடிப்படை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். என் கணினியில் இருந்தது விண்டோஸ் 10. 2015ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்த அதற்கு, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. விரும்புவோர்க்கு ஓராண்டு நீட்டிப்பும் அறிவிக்கப்பட்டது. ஆனால் மரணத்தைத் தள்ளிப்போடுதல் வேறு; நோயைத் தீர்த்தல் வேறு அன்றோ?

அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11 சில தகுதிகளை வேண்டி நிற்பது. இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆகல் வேண்டும்; டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 2014இல் நான் வாங்கிய கணினியிடம் இவ்விரண்டும் இல்லை. விசைகள் தேயவில்லை, திரை மங்கவில்லை, எனினும், 'ஆதரவு இல்லை' என்ற ஒரு சொல்லால் அது முதியோர் வரிசையிற் சேர்க்கப்பட்டுவிட்டது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் எனக்கு அதன்மேல் இரக்கம் பிறந்ததில் வியப்பில்லை.

கணினித் தொழிலில் பயிற்சியுடைய என் பழைய மாணாக்கர் ஒருவரிடம் முறையிட்டேன். தகுதித் தேர்வை ஏமாற்றிப் புதிய விண்டோஸைப் புகுத்தும் வழிகள் உண்டு என்றும், ஆனால் அவ்வாறு புகுத்திய கணினிக்குத் திருத்தங்கள் தவறாது வரும் என்று எவரும் பொறுப்பேற்பதில்லை என்றும் அவர் விளக்கினார். பின்னர், "லினக்ஸ் போட்டுப் பார்ப்போமா, ஐயா?" என்றார்.

லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினசு தோர்வால்ட்சு 1991இல் தொடங்கிய கருநிரல். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு என்னும் கட்டற்ற மென்பொருள் முயற்சியோடு அது கூடி முழு இயங்குதளமாக வளர்ந்தது. எவரும் எடுத்தாளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஏட்டுச்சுவடியைப் படியெடுக்க வந்தவனைத் தடுக்காத புலவர் வீட்டுத் திண்ணை போன்றது அது என்று எனக்குத் தோன்றியது. "ஆகட்டும், தம்பி" என்றேன்.

"முதலில் கோப்புகளுக்குப் படி எடுத்தீர்களா?" என்று கேட்டார். நான் தலைகுனிந்தேன். சுவடிகள் செல்லரித்துப் போன கதையை வகுப்பில் ஆண்டுதோறும் உருக்கத்தோடு கூறும் நான், என் சொற்றொகுதிக்கு ஒரு படிகூட எடுத்து வைத்திருக்கவில்லை! அவர் இரண்டு பென் டிரைவ்களில் அனைத்தையும் படியெடுத்து, ஒன்றை என் கையிலும் மற்றொன்றைத் தம் பையிலும் வைத்த பின்னரே வேலையைத் தொடங்கினார்.

நோய் முதல்

டெபியன் என்னும் லினக்ஸ் வகை தடையின்றி நிறுவப்பட்டது. கணினி மீளத் தொடங்கியது. உற்பத்தியாளரின் முத்திரை தோன்றி மறைந்தது. அதன்பின் திரை முழுதும் இருள். விசையைத் தட்டினேன்; இருள். என் நெஞ்சிலும் இருள்.

மாணாக்கர் கலங்கவில்லை. தொடக்கத்தில் தோன்றும் கிரப் என்னும் பட்டியலில் 'இ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி, லினக்ஸ் எனத் தொடங்கும் வரியின் ஈற்றில் 'நோமோட்செட்' என்றொரு சொல்லைச் சேர்த்தார். திரைச் சில்லின் சிறப்பு வேலைகளை இப்போது தொடவேண்டா, எளிய முறையிலே படத்தைக் காட்டுக என்று கருநிரலுக்கு இடும் கட்டளை அது. ஒளி வந்தது! எழுத்துக்கள் பருத்தும் மங்கியும் தோன்றினாலும், தோன்றின. ஆயினும் வைஃபை வேலை செய்யவில்லை. வலைத்தொடர்பு ஒன்றேனும் பட்டியலில் இல்லை.

"இருள் ஒரு நோய், வைஃபை மற்றொரு நோய். இரண்டையும் எப்படித் தம்பி தீர்ப்பது?" என்றேன்.

"இரண்டாக இருக்கவேண்டும் என்பதில்லை, ஐயா" என்று கூறி, கருநிரலின் பதிவேட்டைத் திறந்தார். தொடங்கும் போதெல்லாம் எந்தச் சில்லைக் கண்டேன், எதனோடு பேசினேன், எதில் தோற்றேன் என்று நேரங் குறித்து அது எழுதி வைக்கின்றது. திரை இருண்ட முந்தைய தொடக்கத்தின் பதிவை அவர் துருவினார். திரைச் சில்லின் பெயருக்கு அருகிலும், வைஃபைச் சில்லின் பெயருக்கு அருகிலும் ஒரே குறை எழுதப்பட்டிருந்தது: 'ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை.'

ஃபர்ம்வேர் என்பது சில்லுக்குள்ளே ஓடவேண்டிய சிறு நிரல். கணினி தொடங்குங்கால் இயங்குதளமே அதனை ஏற்றிவிடல் வேண்டும். சில்லை ஆக்கியவர் அதன் மூலத்தை வெளியிடாராகலின், கட்டற்றவையே வேண்டும் என்ற கொள்கைப்படி டெபியன் நெடுங்காலம் அத்தகைய நிரல்களைத் தன் நிறுவற் கோப்பிற் சேர்க்காதிருந்தது. 2022இல் அதன் உறுப்பினர் வாக்களித்து அவ்விதியை மாற்ற, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பு முதல் அவை உடன் வருகின்றன. நாங்கள் எடுத்தாண்டதோ அவருடைய பெட்டியில் நெடுநாள் கிடந்த பழைய பதிப்பு. ஆகவே குற்றம் கணினியுடையதும் அன்று, லினக்ஸுடையதும் அன்று. பழைய மருந்தை எடுத்து வந்த எங்களுடையதே.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோய் இன்னதென்று தெளிந்து, அதன் காரணத்தைக் கண்டு, தணிக்கும் வழியையும் ஆய்ந்து, பின்னரே பிழையாமற் செய்யுமாறு மருத்துவனுக்கு விதித்திருக்கின்றார். நானாயின், ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு மருந்தாகப் பூசிக்கொண்டிருப்பேன். நோய் இரண்டாயினும் முதல் ஒன்றே என்று காட்டியது பதிவேட்டின் ஒரு வரி.

தணிக்கும் வழி

வைஃபைக்கு வேண்டிய நிரலை வலையிலிருந்து பெறல் வேண்டும். வலைக்குச் செல்ல வைஃபை வேண்டும். நீந்தக் கற்ற பின்னரே நீரில் இறங்குவேன் என்பவன் கதையாயிற்று. மாணாக்கர் தம் கைத்தொலைபேசியை வயர்கொண்டு கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைப் பகிருமாறு செய்தார். லினக்ஸ் அதனைக் கம்பிவழித் தொடர்பாகவே ஏற்றுக்கொண்டது. இரு ஃபர்ம்வேர் பொதிகளும் இறங்கின. சேர்த்த சொல்லை நீக்கிக் கணினியை மீளத் தொடக்கினோம். திரை தெளிந்தது, வைஃபையும் வந்தது.

நிற்க. மகிழ்ச்சியோடு என் சொற்றொகுதியைத் திறந்தேன். திறந்ததும் என் கைகள் நடுங்கின. தமிழ் எழுத்து ஒன்றுமில்லை! அம்மா என்று நான் எழுதிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள் நின்றன. இறந்த பெரியவரின் குரல் முழுதும் பொருளற்ற குப்பையாகத் திரையில் ஓடியது.

ஈழத்து அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பல்லாண்டு வழங்கிய பாமினி என்னும் எழுத்துருவில் நான் எழுதியிருந்தேன். அது தமிழெழுத்துக்களுக்கு ஆங்கில எழுத்துக்களின் இடத்தைக் கடன் வாங்கியது. கணினிக்கு எழுத்தென்பது எண்ணே. பாமினியில் அகரத்தின் எண் 109. அது ஆங்கிலச் சிறிய எம்முக்கு உரிய எண். பாமினியின் வடிவத்தை மேலே போர்த்தினால் அகரமாகத் தோன்றும். போர்வையை எடுத்தால் எம்மாக நிற்கும். புதிய இயங்குதளத்தில் அப்போர்வை இல்லை, அவ்வளவே. யூனிகோடு முறையிலோ அகரத்துக்கு 2949 என்ற சொந்த எண் உண்டு. பத்தாண்டுக்கு மேலாகத் தமிழ் எழுதுகின்றேன் என்று நான் எண்ணியிருந்தேன். கணினியோ நான் ஆங்கில எழுத்துக்களையே எழுதியதாக எண்ணியிருந்தது!

பாமினி எழுத்துருவைத் தேடிப் பெற்றுக் கணினியிற் சேர்த்ததும் சொற்கள் மீண்டன. ஆனால் அது வலியைத் தணித்தலே, நோய் தீர்த்தலன்று. முழுவதையும் யூனிகோடாக மாற்றிவிடத் துணிந்தோம். மாணாக்கர் ஒரு சிறு நிரல் எழுதி, எழுத்துக்கு எழுத்து மாற்றினார். கச்சான் சரியாக வந்தது. கொண்டல் உடைந்து வந்தது. ஒற்றைக்கொம்பு முன்னே தனித்து நிற்க, ககரம் பின்னே வேறாய்க் கிடந்தது.

இங்கேதான் என் பண்டிதப் படிப்பு பயன்பட்டது. பாமினி தட்டச்சுப் பொறியின் வழிவந்தது. கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலே கொம்பை முதலிலும் மெய்யைப் பின்னும் வைப்பது. யூனிகோடோ ஒலிக்கும் வரிசையிலே மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைப்பது. உயிர்மெய்யில் மெய்யின் பின்னரே உயிர் தோன்றும் என்று தொல்காப்பியர் நூன்மரபிலே நிலைநாட்டியதை நான் எடுத்துரைத்தேன். "இதைப் பத்தாம் வகுப்பில் படித்தபோது எதற்கென்று தெரியவில்லை, ஐயா" என்று சிரித்து, அவ்விதியையே நிரலில் எழுதினார். கொண்டல் கூடியது.

மற்றுமொரு பிழை எஞ்சியது. மீன்களின் அறிவியற் பெயர்களை இடையிடையே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தேன். நிரல் அவற்றையும் பாமினி என்று கருதித் தமிழ்க் குப்பையாக்கிவிட்டது. பாமினி உடுத்த பகுதியை மட்டும் மாற்றி, பிற எழுத்துருவில் உள்ளவற்றைத் தொடாது விடுமாறு திருத்திய பின்னரே அதுவும் தீர்ந்தது. இத்தனைக்கும் மூலப் படிகள் இரண்டும் தீண்டப்படாமல் இருந்தமையாலன்றோ, அச்சமின்றிப் பலமுறை பிழை செய்து திருந்த முடிந்தது!

கற்ற பாடம்

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏட்டிலிருந்து தாளுக்கு ஏறியவை பிழைத்தன. ஏறாதவற்றுள் எத்தனையோ மாண்டன. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1859இல் 'தமிழ் புளூட்டார்க்' என்னும் நூலில் புலவர் வரலாறுகளைத் தொகுத்து வைத்தார். ஏடு அழியும் என்பது அவர்கள் காலத்தார்க்குக் கண்கூடாகத் தெரிந்தது. நம் காலத்து ஏடோ பளபளப்பாயிருக்கும்போதே படிக்க முடியாததாகிவிடுகின்றது. தாங்கும் பொறியும், அதை இயக்கும் தளமும், அதிலுள்ள எழுத்தின் எண்ணும் ஆகிய மூன்றும் ஒருங்கே வாழ்ந்தாலன்றி அதனுள் உறையும் சொல் வாழாது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. பழைய எழுத்துருக்களில் உறங்கும் உங்கள் கட்டுரைகளையும் குறிப்புகளையும், திறக்க முடியும்போதே திறந்து, யூனிகோடாக மாற்றி, இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். மாற்றியதை மூலத்தோடு ஒப்புநோக்குங்கள். அது நிரலின் வேலையன்று, தமிழறிந்தவர் வேலை. ஆதரவிழந்த கணினியைக் குப்பையில் எறியுமுன் அதற்கு இன்னொரு வாழ்வு கொடுக்க இயலுமா என்றும் பாருங்கள்.

என் கணினி முற்றும் குணமாயிற்று என்று கூறேன். மூடியை மூடி உறங்கவிட்டால் மீண்டும் விழிக்க மறுக்கின்றது; ஆதலால் வேலை முடிந்ததும் முழுதும் அணைத்துவிடுகின்றேன். விரல்களுக்குப் பழகிய ரங்கநாதன் தட்டச்சு முறை லினக்ஸிலும் கிடைப்பதால் எழுதுவதில் இடரில்லை.

மாற்றம் முடிந்த அன்று மாலை, தேடும் பெட்டியில் சோளகம் என்று தட்டினேன். முன்பு தமிழில் தேட வழியே இருந்ததில்லை. கணினி ஒரு நொடியில் பதினொரு இடங்களைக் காட்டியது. முதலாவது, பெரியவர் அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லி நான் எழுதிய குறிப்பு. அதன் கீழே, 'மிகுதியை நாளைக்குச் சொல்கிறேன் என்றார்' என்று குறித்திருந்தேன். அந்த நாளை வரவில்லை. ஆனால் சொன்ன மட்டும் இனி அழியாது.